முகப்பு சுற்றுலாவுக்கு, முதுகு பக்கத்து வீட்டுக்கு

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றை வாங்கி விருந்தினர் விடுதியாக்கும் முசியே முதல் வேலையாக முகப்புக்கு மஞ்சள் அடிப்பார். வாசலில் காகிதப்பூக் கொடியை ஏற்றிவிடுவார். மரக்கதவுக்கு எண்ணெய் பூசி, பெயர்ப்பலகையைப் பிரெஞ்சில் மாட்டுவார். இத்தனையும் தெருவுக்கு, அதாவது கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு. மிச்சமிருப்பவை எட்டு ஏசி அவுட்டோர், ஒரு டீசல் ஜெனரேட்டர், சமையலறைப் புகையை வெளியே தள்ளும் விசிறி, போர் மோட்டார். அவை தெருவுக்கு ஆகாது, பாரம்பரியம் கெட்டுவிடும். ஆகவே எல்லாம் பக்கவாட்டுச் சந்துக்குப் போகின்றன. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவர்களுக்குப் பாரம்பரியம் கிடையாது, பட்டா மட்டும்தான்.

ஒன்றரை டன் ஏசி உண்மையில் என்ன செய்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அறைக்குள்ளிருந்து 5 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை அள்ளுகிறது. தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் அதோடு சேர்த்து வெளியே துப்புகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஆறை ஒருசேர மாட்டி, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து நிறுத்தியது போல. குளிர் என்று எதையும் அது தயாரிப்பதில்லை. சூட்டை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். முத்திரைத்தாள் இல்லாமல், பத்திரப்பதிவு இல்லாமல் இந்த ஊரில் சுளுவாக நடக்கும் ஒரே கைமாற்றம் இது. கடலோர ஈரத்தை உறிஞ்சிச் சொட்டும் தண்ணீர் தனிக்கதை. குழாயை இரண்டடி நீட்டினால் அது சொந்த வடிகாலில் விழும். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் அறைவாடகை வாங்குகிறவருக்கு அந்த இரண்டடிக் குழாய் கட்டுப்படியாகவில்லை.

பக்கத்து வீட்டு ஆயா போய்க் கேட்கிறார். "தம்பி, அந்தப் பொட்டியக் கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லுப்பா, பேரப்புள்ள ராத்திரி பூரா தூங்கல."

மேனேஜர் மரியாதை தெரிந்தவர். "உங்க எடத்துல வெக்கலையே ஆயா. எங்க சுவரு, எங்க ஸ்டாண்டு."

அப்பழுக்கில்லாத பதில். இரும்பு ஸ்டாண்டு எல்லையைத் தாண்டவில்லை. அனல் தாண்டுகிறது, ஆனால் அனலுக்குச் சர்வே எண் கிடையாதே.

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனவற்றில் முசியே எடுத்துக்கொண்டது மஞ்சள் சாயமும் குரோசானும். அவன் ஒரு சட்டத்தையும் இங்கே வைத்திருந்தான். 1804-இல் எழுதிய சிவில் சட்டம், 1819-இல் இந்த ஊருக்கு வந்தது. சுவரோரம் கிணறு, மலக்குழி, அடுப்பு, கொல்லுலை, தொழுவம், உப்புக் கிடங்கு எது வைத்தாலும் அண்டை வீட்டுக்குக் கேடு வராத தூரம் விடு என்றது அதன் 674-ஆம் பிரிவு. கூரைத் தண்ணீர் உன் மண்ணிலோ தெருவிலோ விழட்டும், அடுத்தவன் மண்ணில் விழக்கூடாது என்றது 681. அடுத்த வீட்டை நேராகப் பார்க்கும் ஜன்னலா, 19 டெசிமீட்டர் தள்ளு என்றது 678. குதிரைவண்டிக் காலத்து மனிதர்களுக்கு இருந்த கூச்சத்தைப் பாருங்கள்! இன்றைக்குச் சந்துமுனை சிசிடிவி, கொல்லையில் துணி துவைப்பவளை இருபத்துநான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேட்டால் செக்யூரிட்டியாம். யாருக்கு?

சரி, அந்நியன் சட்டம் வேண்டாம், நம் விதி இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. நல்லது. டீசல் ஜெனரேட்டருக்கு வேறு வரம்பு: கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபல் வரை போகலாம். சந்தின் அகலமே மூன்றடி, முசியே. உங்கள் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் என்பது ஆயாவின் தலையணை. ஜெனரேட்டரும் சட்டப்படி நடக்கிறது, ஆயாவின் தூக்கத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இரண்டு காகிதங்களும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. தூங்காதது ஆயா மட்டும்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கட்டட விஷயம் திட்டக் குழுமத்துக்கு, சத்தம் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, உரிமம் நகராட்சிக்கு. சண்டை முற்றினால் சிவப்புத் தொப்பி போலீஸ் வந்து, பேசித் தீத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போகும். நகராட்சியைச் சுவர் விஷயத்தில் நம்புவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். கடற்கரைச் சாலையில் மேரி என்னும் அதன் சொந்த அலுவலகக் கட்டடம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டித் திறந்தபோது 2021. பேசித் தீர்ப்பதற்கு முன்மாதிரி தேடினால் பாரதி பூங்காவுக்குப் போகலாம். அதன் ஒரு பக்கம் ராஜ்நிவாஸ், இன்னொரு பக்கம் சட்டமன்றம். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமி கருப்புச் சட்டையோடு துணைநிலை ஆளுநர் கிரண்பேடியின் வாசலில் தர்ணா இருந்து தெருவிலேயே படுத்தார். அவர்களே அண்டை வீட்டுக்காரர்கள்தான். ஆயா எங்கே போய்ப் படுப்பார்?

இதை ஏதோ இரண்டு வீட்டுச் சில்லறைத் தகராறு என்று ஒதுக்குகிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். ஏசி வைத்திருப்பவருக்கும் ஏசி வைத்திருப்பவருக்கும் இந்தச் சண்டை வருவதில்லை. இருவரும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஜன்னல் ஒன்றே விசிறியாகவும் வெளிச்சமாகவும் இருக்கிற வீட்டில்தான் அனல் நுழைகிறது. கடைசியில் அவர்களும் கடன் வாங்கி ஒரு ஏசி மாட்டுவார்கள். அதன் அவுட்டோர் கொல்லைப்பக்கம் இன்னும் ஏழை வீட்டைப் பார்த்து நிற்கும். நடுவே வாய்க்கால் வெட்டி வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று பிரித்துவைத்த ஊர் இது. இப்போது வாய்க்கால்கூடத் தேவைப்படவில்லை.

முசியேவுக்கு என்னிடம் ஒரு வியாபார யோசனை இருக்கிறது. விடுதிப் பட்டியலில் ஆயாவின் வீட்டையும் சேர்த்துவிடுங்கள். "பாரம்பரிய அறை, சந்துப் பார்வை." முதல் விருந்தினராக நீங்களே வாருங்கள். உரிமம் கொடுத்த அதிகாரியையும் ஆய்வுக்கு வராத அதிகாரியையும் அழைத்து வாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஓர் இரவு, எட்டு அவுட்டோரும் ஓட, கரண்டு போனால் ஜெனரேட்டரும் சேர்ந்து உறும. வாடகை வேண்டாம், காலையில் ஆயாவே இட்லி வைப்பார். நிபந்தனை ஒன்றுதான்: விடியும் வரை மூவரும் வெளியே வரக்கூடாது.