கமுந்திங்கில் படித்த அமைச்சர்கள்

மலேசியாவில் அமைச்சராக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரதமரைப் புகழ்ந்துகொண்டே இருப்பது. மற்றொன்று, பிரதமரைத் திட்டிவிட்டுக் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போவது. முதல் வழியில் பலன் சீக்கிரம் கிடைக்கும். இரண்டாவது வழியில் முப்பது, நாற்பது வருஷம் ஆகலாம். ஆனால் ஆரம்பச் செலவு முழுவதும் அரசாங்கத்தினுடையது.

இரண்டு வழிகளுமே 1969 தேர்தல் கொடுத்த பயத்தில் அகலமானவை. அந்த மே மாதம் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் கப்பல் சின்னத்தில் கூட்டணியாக நின்றன. கப்பல் பேராக்கிலேயே தரை தட்டியது. 40 சட்டமன்ற இடங்களில் கூட்டணிக்கு 19தான். எதிரணிக்குக் கிடைத்த 21இல் 12 இடம் பி.பி.பி.யினுடையது. யாழ்ப்பாண வம்சாவளிச் சகோதரர்களான டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் 1953இல் ஈப்போவில் தொடங்கிய கட்சி அது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு தம்பி டி.ஆர். காலமாகிவிட்டார். சிலாங்கூரில் 14க்கு 14. பினாங்கு கெராக்கானிடம் போனது. கிளந்தான் பாஸிடமே இருந்தது. பிறகு மே 13 இனக் கலவரம். அதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை மூடிக் கிடந்தது.

திறந்தபோது பிரதமர் துன் ரசாக் ஒரு கணக்கோடு வந்தார். எதிர்க்கட்சியை எதற்குத் தோற்கடிக்க வேண்டும்? உள்ளே சேர்த்துக்கொண்டால் எதிர்க்கட்சியே இருக்காதே! 1972இல் பினாங்கில் கெராக்கான் வந்தது, பேராக்கில் பி.பி.பி. வந்தது. 1973இல் பாஸும் வந்தது. 1974 ஜூன் 1ஆம் தேதி ஒன்பது கட்சிகளோடு தேசிய முன்னணி பதிவானது. சின்னம் தராசு. ஒரு தட்டில் அம்னோ, மறு தட்டில் மீதி எட்டுப் பேர். முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எந்தத் தோட்டத்துப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

அந்த ஆகஸ்டில் 154 நாடாளுமன்ற இடங்களில் 135ஐத் தராசு அள்ளியது. சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சாமிவேலு வந்தார். நேற்றுவரை ஆளுங்கட்சியைக் கிழி கிழி என்று கிழித்த எஸ்.பி. சீனிவாசகம், ஆளுங்கட்சிக்காரராக நின்று தோற்றார். ஈப்போ வாக்காளருக்கு அவர் திட்டும்போதுதான் பிடித்திருந்தது. பாஸுக்கு முன்னணி வாசம் 1977 டிசம்பரோடு சரி.

உள்ளே வர மறுத்தவர்களுக்குத்தான் தைப்பிங் பக்கத்தில் கமுந்திங். இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடந்த அந்தக் கல்லூரியில் சேர மதிப்பெண் தேவையில்லை. நேர்முகத் தேர்வு மட்டும் அறுபது நாள், வேறு இடத்தில், வெளிச்சம் படாத அறையில். தேறினால் உள்துறை அமைச்சரின் ஒரு கையெழுத்தில் இரண்டு வருஷப் படிப்பு. அமைச்சருக்குத் திருப்தி இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம், அதற்குப் பிறகும் இரண்டு. ஒருவரை எத்தனை முறை ஃபெயிலாக்கலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. வழக்கு, சாட்சி, தீர்ப்பு போன்ற பாடங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

1974 டிசம்பரில் அங்கே சேர்ந்தவர்களில் அன்வார் இப்ராகிம் என்ற இளைஞரும் ஒருவர். ரப்பர் விலை விழுந்து பாலிங் வட்டாரக் குடியானவர்கள் தெருவுக்கு வந்தபோது அவர்களோடு நின்றது குற்றம். இருபது மாதம் போல உள்ளே இருந்தார். வெளியே வந்தவர் சில வருஷத்தில் அம்னோவிலேயே சேர்ந்து முதல் வழியையும் முயன்று பார்த்தார் என்பது தனிக்கதை.

1987 அக்டோபரில் ‘லாலாங் நடவடிக்கை’ என்ற பெயரில் கல்லூரிக்கு மொத்தமாக ஆள் பிடித்தார்கள். பிரதமரும் உள்துறை அமைச்சரும் மகாதீர் ஒருவரே என்பதால் கோப்பு இரண்டு மேசைக்கு அலையவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. ஜ.செ.க.வில் லிம் கிட் சியாங், அவர் மகன் லிம் குவான் எங், கர்ப்பால் சிங், நம்மவர்களான பி. பட்டு, வி. டேவிட், பாஸில் மாட் சாபு. சமநீதி கெட்டுவிடக் கூடாதென்று ஆளுங்கட்சிக்காரர் சிலரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கர்ப்பாலின் கதை ஈப்போ மண்ணுக்கே உரியது. 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரது தடுப்புக்காவல் செல்லாது என்று விடுதலை செய்தது. சில மணி நேரம்தான், அன்றே மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீதிமன்றம் மாற்றுச் சான்றிதழ் கொடுத்தாலும் கல்லூரி மாணவரை விடத் தயாராக இல்லை.

2007 டிசம்பரில் தமிழர் முறை. இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஐவரும் கமுந்திங் போனார்கள். மூன்றே மாதத்தில் பொதுத் தேர்தல். தொகுதிப் பக்கமே தலைகாட்டாமல் ஜெயித்தவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். காட்ட முடியாமலேயே ஜெயித்தவர் மனோகரன், கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில். அதே நாளில் சுங்கை சிப்புட்டில் சாமிவேலு 34 வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போனார்.

பேராக்கே கைமாறியது. 59 இடங்களில் ஜ.செ.க. 18, கெஅடிலான் 7, பாஸ் 6. மந்திரி பெசார் பதவி யாருக்கு? ஆறு பேரை வைத்திருந்த பாஸுக்கு! மந்திரி பெசார் மலாய்க்காரராக இருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மூன்று சட்டமன்றத் தவளைகள் அணி தாவ, ஆட்சி கவிழ்ந்தது. அதில் ஒன்று கமுந்திங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் சங்காட் ஜெரிங் தொகுதித் தவளை. சட்டமன்றக் கதவைப் பூட்டிவிட்டதால் 2009 மார்ச் 3ஆம் தேதி சபாநாயகர் சிவகுமார் ஈப்போவில் ஒரு மரத்தடியில் சபையைக் கூட்டினார். மே மாதம் சபைக்குள்ளேயே அவரை அங்கியோடு இழுத்துக்கொண்டு போனார்கள்.

இசா சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் பழைய மாணவர் சங்கம் கலையவில்லை. 2018 மே மாதம் அது ஆட்சியையே பிடித்தது. லிம் குவான் எங் நிதி அமைச்சர், மாட் சாபு தற்காப்பு அமைச்சர். பிரதமர் யார் என்கிறீர்கள்? கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிய அதே மகாதீர், 92 வயதில்! பிள்ளைகளோடு தலைமையாசிரியரும் ஒரே கூட்டணியில் சேர்ந்த அந்த ஆட்சி 22 மாதத்தில் கவிழ்ந்தது. தமிழர் பக்கம் மட்டும் விதி கொஞ்சம் பிசகியது. கமுந்திங் போன உதயகுமார் அமைச்சராகவில்லை. அந்த நேரம் வெளிநாட்டில் இருந்த தம்பி வேதமூர்த்தி 2013இல் முன்னணி ஆட்சியில் துணையமைச்சர், 2018இல் எதிர் ஆட்சியில் முழு அமைச்சர்.

2022 நவம்பரில் ‘அன்வாரும் வேண்டாம், ஜ.செ.க.வும் வேண்டாம்’ என்று ஊரெல்லாம் முழங்கிய அம்னோ, முப்பதே இடத்தோடு தேசிய முன்னணி நின்றதும், அன்வாரும் ஜ.செ.க.வும் இருந்த ஒற்றுமை அரசாங்கத்தில் போய் உட்கார்ந்தது. 1974இல் கமுந்திங் போனவர் பிரதமர். 1974இல் பிறந்த தேசிய முன்னணியின் தலைவர் சாஹிட் ஹமிடி துணைப் பிரதமர். அவரும் 1998இல் இசாவில் பிடிபட்டவர்தான்.

இந்த இரண்டு வரிசையிலும் தமிழர் நின்றார்கள். ம.இ.கா. முதல் நாளிலிருந்து முன்னணியில் இருந்தது, ஐவர் கமுந்திங்கில் இருந்தார்கள். இருந்தும் ஒற்றுமை அரசாங்கத்தில் ம.இ.கா.வுக்கு அமைச்சர் பதவி தரப்படவில்லை. மரத்தடியில் சபை நடத்திய சிவகுமாரும் மனிதவள அமைச்சராக ஒரு வருஷம் இருந்து 2023 டிசம்பரில் நீக்கப்பட்டார். அந்த மாற்றத்துக்குப் பிறகு அமைந்த அமைச்சரவையில் முழு அமைச்சராக ஒரு தமிழர்கூட இருக்கவில்லை. ஆகவே அடுத்த தேர்தலுக்கு யார் கும்பிடு போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாலும், கொள்கை என்ன என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். எத்தனை நாற்காலி, எந்த அமைச்சு, அது எழுத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.