கேட்டில் நிற்பவர்கள் கேட்டவை

(இந்த இதழில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் கேள்விகள் மட்டும்)

ஐ.டி.ஐ. ஃபிட்டர், பாகலூர்
கேள்வி: ‘ஃப்ரெஷர் தேவை’ என்று கேட்டில் போர்டு தொங்குகிறது. உள்ளே போனால் ‘எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்?’ என்கிறார்கள். இது என்ன கணக்கு?

பதில்: சம்பளத்தில் ஃப்ரெஷர், வேலையில் சீனியர். அந்தக் கணக்குதான். இதே ஓசூரில் 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. பெங்களூரு எச்.எம்.டி.யில் கை பழகியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஆனாலும் கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, கடிகாரம் பூட்ட உட்கார வைத்தார்கள். அந்தக் கடிகாரங்கள் ஓடாமலா போயின? எக்ஸ்பீரியன்ஸ் என்பது யாரோ ஒரு முதலாளி முதலில் கொடுத்தால்தான் உண்டு. எல்லோரும் அடுத்த கம்பெனி கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் ஆள் பஞ்சம் வரத்தான் செய்யும்.

டிப்ளமோ மெக்கானிக்கல், சூளகிரி
கேள்வி: இன்டர்வியூ முடிந்தது. ‘கால் பண்றோம்’ என்றார்கள். எத்தனை நாள் காத்திருக்கலாம்?

பதில்: ஒரு வாரம். எட்டாம் நாள் நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா? பதில் வந்துவிட்டது, அடுத்த கேட்டுக்குப் போங்கள். பத்துப் பக்க விண்ணப்பம் நிரப்பச் சொல்கிற கம்பெனிக்கு ‘இல்லை’ என்று ஒரு வரி அனுப்ப முடியவில்லை என்பது அவர்களுடைய தகுதிக் குறைவு, உங்களுடையது அல்ல.

சிறு யூனிட் முதலாளி, ஓசூர் சிப்காட்
கேள்வி: ஆளே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் காணோம். இந்தக் காலத்துப் பையன்களுக்கு வேலை செய்ய மனசே இல்லையோ?

பதில்: விளம்பரத்தையும் கூடவே அனுப்பினீர்கள், நல்லதாயிற்று. ‘கவர்ச்சிகரமான சம்பளம். துடிப்பான இளைஞர்கள் தேவை.’ சம்பளம் எவ்வளவு என்று இல்லை. எந்த ஷிஃப்ட் என்று இல்லை. கம்பெனி பஸ் எதுவரை வரும் என்று இல்லை. ராயக்கோட்டையிலிருந்து வருகிற பையன் வேலையில் சேர்ந்த பிறகுதான் நைட் ஷிஃப்ட் முடிந்தால் பஸ் கிடையாது என்று தெரிந்துகொள்கிறான். அவன் ஓடவில்லை ஐயா. நீங்கள் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

இன்னொன்று. ஆள் எடுப்பது பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை அமெரிக்காவின் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998ல் தொகுத்துப் பார்த்தார்கள். எத்தனை வருஷ அனுபவம் என்பதை வைத்து ஒருவர் எப்படி வேலை செய்வார் என்று கணிப்பது பெரிதாகப் பலிப்பதில்லை. வேலையையே செய்ய வைத்துப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்பதும் அதைவிட நன்றாகப் பலிக்கின்றன. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பதை விடுங்கள். லேத் முன்னால் அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்.

பி.எஸ்சி., தேன்கனிக்கோட்டை
கேள்வி: வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம், நண்பர்களோடு உருது. இன்டர்வியூவில் ஆங்கிலம் கொஞ்சம் திக்கியது. ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: நாலு மொழி பேசுகிறவரிடம் கம்யூனிகேஷன் இல்லை என்று ஒரே மொழியில் சொன்னாரே, அவரைப் பாராட்டத்தான் வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை என்றால் ஆங்கிலம் கேட்பது நியாயம். அசெம்ப்ளி லைனில் யாரோடு ஆங்கிலம் பேசப் போகிறீர்கள், ஸ்க்ரூடிரைவரோடா?

கான்ட்ராக்ட் தொழிலாளி, பேரிகை
கேள்வி: மூன்று வருஷமாக அதே லைன், அதே மெஷின். ஆனால் வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் பெயரில் கார்டு. நான் யாருடைய ஆள்?

பதில்: மெஷினுக்குத் தெரியும், கார்டுக்குத்தான் தெரியவில்லை. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981லேயே சட்டம் வந்தது. அந்த 480ஐ எட்டிவிடக் கூடாது என்பதற்காகவே சில இடங்களில் கார்டு மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. சம்பளச் சீட்டு, பழைய கார்டுகள், பி.எஃப். பாஸ்புக் எதையும் தொலைக்காதீர்கள். அவற்றோடு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ பாருங்கள். வெறும் கையோடு போனால் வெறும் ஆறுதல்தான் கிடைக்கும்.

அப்ரெண்டிஸ், ஊத்தங்கரை
கேள்வி: ‘பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி’ என்றார்கள். நம்பலாமா?

பதில்: எழுதிக் கொடுத்தார்களா? 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய வேலை கொடுக்கும் கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஆனால் 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். முகம் போகிற போக்கிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எம்.காம்., காவேரிப்பட்டினம்
கேள்வி: ‘கல்யாணம் எப்போது?’ என்று இன்டர்வியூவில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

பதில்: ‘சாப்பாடு போடப் போகிறீர்களா சார்?’ என்று கேட்கலாம், வேலை கிடைக்காது. அது தெரிந்துதான் அவரும் கேட்கிறார். இந்திய வெளியுறவுப் பணியில் கல்யாணமான பெண்ணுக்குப் பணி நியமனம் உரிமையல்ல என்று ஒரு விதியே இருந்தது. முத்தம்மா என்ற அதிகாரி வழக்குப் போட்டார். 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்று அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தீர்ப்பு இன்னும் சில இன்டர்வியூ அறைகளுக்குள் நுழையவில்லை.

வேலை தேடுபவர், போச்சம்பள்ளி
கேள்வி: 5,000 ரூபாய் கட்டினால் பெரிய கம்பெனியில் சேர்த்துவிடுவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது.

பதில்: சேர்ப்பது உறுதி, உங்கள் பணத்தை அவர்கள் கணக்கில். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997ல் வகுத்த ஒப்பந்தத்தின் பொது விதி. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. உங்கள் பர்ஸ் இன்றைக்கே ஏற்கலாம்.

டிப்ளமோ, தளி
கேள்வி: ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால்தான் ஆர்டர் தருவார்களாம்.

பதில்: பார்க்கக் காட்டுங்கள், வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள். விட்டுப் போக மனசு வராத இடமாக ஆக்கத் தெரியாதவர்கள்தான், விட்டுப் போக முடியாத இடமாக ஆக்குவார்கள்.

தினமும் பொம்மசந்திரா போகிறவர், ஜூஜூவாடி
கேள்வி: கர்நாடகத்தில் உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று சட்டம் வந்தால் எங்கள் கதி?

பதில்: 2024 ஜூலையில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் என்று ஒரு மசோதாவுக்கு அங்கே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொழில் துறையினர் கொதித்ததும் ஓரிரு நாளில் நிறுத்தி வைத்தார்கள். அத்திப்பள்ளி வழியாகக் காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் எத்தனை பேரோ, இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. கோடு கிழிப்பது சுலபம். மறுநாள் ஏ ஷிஃப்டுக்கு லைன் ஓட்டுவதுதான் கஷ்டம்.

பி.இ., கிருஷ்ணகிரி
கேள்வி: அதிசயமாக மூன்று ஆஃபர் வந்திருக்கிறது. மூன்றுக்கும் ‘சேர்கிறேன்’ என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்ற இரண்டின் போனை எடுக்காமல் விடலாமா?

பதில்: அப்படிச் செய்தால் நாளைக்கே உங்களுக்கு எச்.ஆர். வேலை கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கே இரண்டு இடத்துக்கும் வரவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் காலி செய்கிற அந்த இடத்துக்காக, பட்டியலில் உங்களுக்கு அடுத்த பெயர்க்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.