லட்சத்தில் மொய்த்த ஈ: ஆர் மொழியின் பிழைகளுக்கு ஒரு நன்னூல் உரை

ஆர் என்ற புள்ளியியல் மொழியிடம் ஒரு லட்சத்தைக் கொடுத்து எழுத்தாக்கச் சொன்னால், ஒன்று என்று போடும், பக்கத்தில் ஆங்கில ஈயை உட்காரவைக்கும், பிறகு கூட்டல் குறியும் சுழியும் ஐந்தும் வரும். 99,999 வரை ஒழுங்காக எழுதிய கை அது. லட்சத்து ஒன்றையும் ஒழுங்காகவே எழுதும். சரியாக ஒரு லட்சத்தில் மட்டும் ஈ மொய்க்கிறது. பெங்களூரில் சம்பளப் பட்டியலையோ வாடகை முன்பணத்தையோ ஆரில் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இந்த ஈயைப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் முழு லட்சங்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாண மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து எழுதும் வழக்கத்துக்கு இதுவரை மங்கல காரணங்களே சொல்லப்பட்டு வந்தன. லட்சத்தோடு ஒரு ரூபாய் சேர்ந்தால் ஈ பறந்துவிடும் என்ற கணினிக் காரணத்தையும் இனி ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நம்முடைய கேள்வி அதைவிடச் சிறியது. இந்த ஈ ஒரு ‘பக்’கா, அதாவது மென்பொருள் பிழையா? 1947இல் ஹார்வர்டின் மார்க்-2 கணினிக்குள் சிக்கிய அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்கள் பக் கண்ணுக்குத் தெரிந்தது, ஒட்டவும் முடிந்தது. நமக்கு வாய்த்தவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு மென்பொருள் தவறு செய்ததா இல்லையா என்பதைக் கணினி சொல்லாது, இலக்கணம்தான் சொல்லும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அந்த இலக்கணமும் எண்ணூறு ஆண்டுகளாகக் கைவசம் இருக்கிறது.

பக் என்பதற்குத் தமிழ்க் கட்டற்ற மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல் வழு. சொல்லை எடுத்தவர்கள் அதன் குடும்பத்தை அழைத்துவர மறந்துவிட்டார்கள். இலக்கணத்தில் வழு தனியாக வாழ்வதில்லை. தவறில்லாதது வழாநிலை, தவறானது வழு, தவறாக இருந்தும் தக்க காரணத்தால் ஏற்கப்படுவது வழுவமைதி என்று மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தொல்காப்பியத்திலேயே இந்த ஆராய்ச்சி உண்டு. நன்னூல் அதைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழாக வகுத்து வைத்தது. பவணந்தி முனிவரை அந்த நூல் எழுதச் செய்தவன் சீயகங்கன், கங்க மரபினன். கங்கர்களின் பழைய தலைநகரம் கோலார், பெங்களூரிலிருந்து காலைச் சிற்றுண்டிக்குப் போய்வரும் தூரம். பெங்களூர் என்ற பெயர் முதன்முதலில் கல்லில் காணப்படுவதும் ஏறத்தாழ பொ.ஆ. 890ஐச் சேர்ந்த பேகூர்க் கல்வெட்டில், அதுவும் கங்கர் காலத்தது. ஊரைக் கல்லில் ஏற்றிய மரபும் வழுவை நூலில் ஏற்றுவித்த மரபும் ஒன்று என்றால், அந்த ஊர் பிற்காலத்தில் பக் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டது தற்செயல் என்று நம்புவது கடினம். (கடினமே தவிர முடியாதது அல்ல. ஆனால் ஆய்வு என்று இறங்கிய பிறகு தற்செயலுக்கு இடம் கொடுத்தால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.)

சான்றுகளுக்கு வருவோம். பெங்களூரின் தொலைபேசிக் குறியீடு 080. அதை ஒரு பட்டியலிலிருந்து ஆருக்குள் படித்தால் 80 ஆகிவிடுகிறது. குறியீடு என்பது பெயரைப் போன்றது, அதைக் கூட்டவோ பெருக்கவோ கூடாது. ஆர் அதை எண் என்ற சாதியில் சேர்த்து முன்சுழியை நறுக்கிவிடுகிறது. உயர்திணையை அஃறிணையாக்கிய அப்பட்டமான திணை வழு இது. இனிஷியல் தனி வரிசையாக இருக்கும் பட்டியலில், அத்தனை பேருக்கும் தங்கவேலின் பிள்ளைகள் என்ற முறையில் ‘டி’ என்றே இருந்தால் நிலைமை இன்னும் விசேஷம். ஆர் அந்த வரிசை முழுவதையும் ‘மெய்’ என்ற தர்க்க மதிப்பாக மாற்றிவிடும். அப்பா வாய்மையாகிவிடுகிறார். பால் மயக்கமோ இதைவிட நுட்பமானது. குலுக்கல் முறையில் மாதிரி எடுக்கும் சாம்பிள் என்ற கட்டளையிடம் 7, 12, 10 என்ற மூன்று எண்களைக் கொடுத்தால் அந்த மூன்றைக் குலுக்கித் தரும். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் 10 மட்டுமே மிஞ்சியிருக்கும்போது அதைக் கொடுத்தால், ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களையும் குலுக்கித் தருகிறது. ஒருமை பன்மையாகிவிட்டது. உடனே புகார் எழுதத் தோன்றும். ஆனால் ‘அப்பா வந்தார்’ என்று ஒருவரைப் பலர்பாலில் சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிதா? தனியாக வந்த எண்ணுக்கு ஆர் மரியாதைப் பன்மை கொடுக்கிறது, அவ்வளவுதான். கட்டளையின் கையேடும் இதை வசதிக்காக வைத்த ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டு, கவனமாக இருக்கும்படி எச்சரிக்கிறது. ஆகவே இது வழுவமைதி.

கால வழுவுக்குப் பெங்களூரின் கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளைவிட நல்ல களம் கிடைக்காது. அங்கே வியாபாரம் விடிவதற்கு முன்பே சூடு பிடிக்கும். அதிகாலை நான்கு மணிக்கு நடந்த ஒரு விற்பனையின் நேர முத்திரையிலிருந்து தேதியை மட்டும் பிரிக்கச் சொன்னால், ஆர் நெடுங்காலமாக உலகப் பொது நேரத்தைக் கணக்கில் வைத்தே தேதி சொல்லிவந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஆக, திங்கட்கிழமை விற்ற மல்லிகை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ஏறிவிடும். வெள்ளிக்கிழமைப் பூ விலையைப் பற்றி எழுதப்படும் எந்த ஆய்வும் பாதி சனிக்கிழமையைப் பற்றியதாக இருக்க வாய்ப்புண்டு. பெங்களூரின் விண்டோஸ் கணினிகள் பலவற்றில் ஆரிடம் கால மண்டலத்தைக் கேட்டால் ‘ஆசியா, கல்கத்தா’ என்று பதில் வருவதையும் இங்கே சேர்க்க வேண்டும். அந்த ஊர் 2001இலேயே கொல்கத்தா ஆகிவிட்டது, இந்த ஊரும் 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு. கணினி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது காலத்தைப் பற்றிய மரபு வழு. இட வழுவோ மனிதர்களுடையது. இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை. ‘என் சிஸ்டத்தில் ஓடுகிறதே’ என்று ஒருவர் சொல்லும்போது, படர்க்கையில் நடந்த தவறுக்குத் தன்மையில் விடை சொல்கிறார். இந்த ஒரு வாக்கியத்தால் வெளிவட்டச் சாலை நெடுகிலும் இழக்கப்படும் மனித நாட்களை அளக்கும் புள்ளியியல் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் நம் சான்றுகளில் பெரும்பங்கு வினா வழுவுக்கே உரியது. உரையாசிரியர்கள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விரலைக் காட்டி, இது சிறியதா பெரியதா என்று கேட்பது வினா வழு. எதோடு ஒப்பிட்டு? ‘கட்டளை சரியாக வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதப்படும் ஒவ்வொரு புகாரும் அந்த ஒற்றை விரல்தான். எதை எதிர்பார்த்தார், எது வந்தது என்ற இரண்டாவது விரலைக் காட்டினால்தான் சிறிது பெரிது தெரியும். ஆரின் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தத் துணைத்தொகுப்புகள், என்ன தரவு என்பவை மற்ற விரல்கள். ஆரின் கேள்வி-பதில் கையேடு புகார் எழுதுகிறவருக்குச் சொல்லும் தலையாய விதி, நடந்ததைச் சொல், நடந்திருக்கும் என்று நினைப்பதைச் சொல்லாதே என்பதுதான். நம் தருக்க நூல்களின் கணக்கில் காட்சி அளவை வேண்டும், கருதல் அளவை வேண்டாம். ‘நினைவகம் கசிகிறது போலிருக்கிறது’ என்பது கருதல். ‘இந்த ஐந்து வரிசைத் தரவில் இந்தக் கட்டளை இந்த விடை தந்தது’ என்பது காட்சி. ஐந்து வரிசையா, கம்பெனித் தரவில் நாற்பது லட்சம் வரிசை இருக்கிறதே என்று கேட்கலாம். பாதியை வெட்டிப் பார்க்க வேண்டும். தவறு மிஞ்சிய பாதியில் இருந்தால் அதையும் பாதியாக்க வேண்டும். நாற்பது லட்சமும் இருபது வெட்டில் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். இந்த வைத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பத்தாவது, பதினைந்தாவது வெட்டில் பெரும்பாலும் புகார்தாரரே தன் காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். புகார் பிறக்காமலே போகும். பிறந்தவற்றிலோ அடுத்து விடை வழு காத்திருக்கிறது. எந்தப் பதிப்பு என்று கேட்டால், நாளைக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று பதில் வரும். கடம்பூருக்கு வழி கேட்டவனிடம் தன் பசுங்கன்றைப் பற்றிச் சொன்னவன் எழுநூறு எண்ணூறு ஆண்டு கழித்து ஐ.டி. வேலையில் சேர்ந்திருக்கிறான்.

வழுவமைதி என்ற அறையைத் திறந்துவிட்டால் எல்லாச் சோம்பேறித்தனமும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளாதா என்பது வலுவான ஆட்சேபம். அதிலும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்பதையே நகரத்தின் தத்துவமாகக் கொண்ட ஊரில் இது ஆபத்தான போதனை என்று சொல்லலாம். நன்னூல் இதற்கு முன்கூட்டியே வேலி கட்டிவைத்திருக்கிறது. பசுவை ‘என் அம்மா வந்தாள்’ என்று சொல்வது ஏற்கப்படுவது உவப்பு என்ற காரணத்தால். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று காரணங்களை எண்ணிச் சொல்லி, அவற்றுள் ஒன்று இருந்தால்தான் அமைதி என்கிறது இலக்கணம். மென்பொருளில் அந்தக் காரணம் இருக்க வேண்டிய இடம் கையேடு. கையேட்டில் காரணம் எழுதியிருந்தால் வழுவமைதி, எழுதாவிட்டால் வழு. ஈயின் வழக்கும் இதோடு தீர்கிறது. நேராக எழுதினால் ஆறு இடம், ஈயோடு எழுதினால் ஐந்து இடம், குறைந்த இடத்தைக் கொள்வதே விதி என்று கையேடு சொல்கிறது, ஈயை விரட்டும் அமைப்பையும் காட்டித் தருகிறது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3க்குச் சமமில்லை என்று ஆர் சொல்வதும் இப்படித்தான். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதி முடிக்க முடியாது. கேள்வி-பதில் கையேட்டில் 7.31 என்ற எண்ணில் இந்தப் புகாருக்கு நிரந்தர வீடே கொடுத்திருக்கிறார்கள். அமைதிக்கும் ஆயுள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. தரவில் உள்ள சொற்களையெல்லாம் கேட்காமலே வகைக் குறிகளாக மாற்றும் ஆரின் பழக்கம் நெடுநாள் அமைதியாக இருந்தது. பேங்களூர், பெங்களூரு என்று ஒரே ஊர் இரண்டு வகையாகப் பதிவாகி நிற்கும் பட்டியல்களில் அது பிடிவாதமாக இரண்டையும் காத்தது. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. காரணம் மாயும்போது அமைதி வழுவாகிறது.

எல்லாமே அமைதிதான் என்றால் உண்மையான வழு எங்கே என்று கேட்கத் தோன்றும். அதுவும் அதே சாம்பிள் கட்டளைக்குள்தான் இருந்தது. பெரிய எண் தொகுதியிலிருந்து ஒன்றைப் பொறுக்கும்போது, சுமார் 32 பிட் நுட்பமுள்ள ஒரு தற்போக்கு எண்ணைப் பெருக்கிப் பின்னத்தை வெட்டும் முறையை ஆர் கையாண்டது. தொகுதி பெரிதாகும்போது சில எண்களுக்கு மற்றவற்றைவிட அதிக வாய்ப்பு கிடைத்தது. சுமார் 171 கோடியே 80 லட்சம் எண்களிலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஒற்றையும் இரட்டையும் பாதிக்குப் பாதி வராமல் ஏறத்தாழ அறுபதுக்கு நாற்பதாக வந்தன. ஆட்டோபோனி, ஸ்டார்க் என்ற இருவர் இதை எடுத்துக்காட்ட, 2019 ஏப்ரல் 26 அன்று வெளிவந்த 3.6.0 பதிப்பில் முறை மாற்றப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள் 96 லட்சத்துச் சொச்சம் என்பதால், இந்த ஊரில் மாதிரிக் கணக்கு எடுத்தவர்களுக்குச் சேதம் மிகச் சொற்பமே. வரைபடம் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, எந்த எச்சரிக்கையும் வராது, விடையும் நம்பும்படியாகவே இருக்கும். கூச்சல் போட்ட ஈயும் 0.3உம் நிரபராதிகளாக வெளியே வர, சத்தமே போடாதது குற்றவாளி ஆயிற்று. இலக்கணிகள் இன்னும் ரசிக்கும் செய்தி ஒன்று பாக்கி. பழைய ஆய்வுகளின் எண்கள் மாறாமல் திரும்ப வர வேண்டுமே என்பதற்காக, அந்தப் பழைய தவறான முறையையும் ஆர் தூக்கி எறியவில்லை. கேட்டுப் பெற்றால் தரும், சீரற்றது என்ற எச்சரிக்கையோடு. முழு வழுவாகத் தீர்ப்பான பிறகு காரணம் காட்டி அமைதியாக மறுவாழ்வு பெற்றது.

மனித மொழிக்கு எழுதிய நூலைக் கணினி மொழிக்குப் பொருத்துவது பொருந்தாது என்று மைசூர் சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பெங்களூர் மையத்தில் யாராவது சிரிக்கக்கூடும். அவர்களுடைய டெல்லி மையத்தின் தீபாயன் சர்க்கார் ஆரின் மையக் குழு உறுப்பினர் என்பதால் சிரிப்புக்கு அதிகாரமும் உண்டு. நம் பதில், பெங்களூர் என்ற சொல்லை ஆரிடம் கொடுத்து எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள் என்பதே. பெ, ங், க, ளூ, ர் என்று முதல் வகுப்புப் பிள்ளை ஐந்து சொல்லும். ஆர் ஒன்பது என்கிறது, பைட்டுகளில் கேட்டால் இருபத்தேழு. ஒற்றைக்கொம்பையும் புள்ளியையும் ஊகாரக் குறியையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. புள்ளி வைத்த எழுத்துக்கு அரை மாத்திரை கொடுத்த மரபில் வந்தவருக்கு இது மரபு வழு. எனவே காட்சி அளவையில் முறையாக ஒரு புகார் எழுதலாம்: கொடுத்தது பெங்களூர், எதிர்பார்த்தது 5, வந்தது 9, பதிப்பு இன்னது, இயங்குதளம் இன்னது. இரண்டு விரலும் காட்டியாயிற்று. வரக்கூடிய பதிலும் தெரிந்ததுதான். ஆர் யூனிகோடின் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது, கையேட்டில் இருக்கிறது, அமைதி. யூனிகோடிடம் போனால், தமிழுக்கான அதன் அடுக்குமுறை இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றியது என்பார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. அதில் பெங்களூருக்கு ஐந்துதான் வரும். பள்ளம் தோண்டியது குடிநீர் வாரியமா, மின்வாரியமா, மாநகராட்சியா என்று தெரியாமல் மூன்று அலுவலகமும் ஏறி இறங்கும் குடிமகனுக்கு இந்தச் சுற்று பழக்கமானதே. புகார் தயாராக இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் இடமயக்கம்.