அங்குல ஆசாமி

அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்களில் தனி இனம் ஒன்று உண்டு. அங்குல ஆசாமி என்று பெயர் வைக்கலாம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பேன்ட் பையில் இஞ்ச் டேப் இருக்கும். ஹாலைப் பற்றிக் கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு முடித்துக்கொள்வார். நாலுக்கு ஏழு பாத்ரூமைப் பற்றிக் கேட்டால் கட்டம் போட்ட நோட்டை விரித்துவிடுவார். அதில் வெஸ்டர்ன் கமோடு, வாஷ்பேசின், ஷவர், கீசர், கண்ணாடி அலமாரி எல்லாம் ஒன்றையொன்று உரசாமல் உட்கார்ந்திருக்கும்; மூலையில் வாஷிங் மெஷினுக்கும் பென்சிலில் இடம் போட்டாகியிருக்கும். கூட்டல் கழித்தலில் குற்றமே சொல்ல முடியாது. பொருள்களையெல்லாம் அளந்தவர், அவற்றைப் புழங்கப்போகிற ஆளை அளக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பொருளுக்கு முன்னால் விடுகிற வெற்றிடமும் அந்தப் பொருளில் சேர்த்திதான் என்பது அவருக்குப் பிடிபடுவதே இல்லை. காலித் தரையைக் கண்டால், வாடகைக்குப் போகாத போர்ஷனைப் பார்த்த வீட்டுக்காரர் போல மனம் பதைக்கிறார்.

கமோடையே எடுத்துக்கொள்வோம். அகலம் 14, 15 அங்குலம். ஆசாமி அதை ஒதுக்கிவிட்டு நிம்மதியாகிவிடுவார். கமோடு உட்கார அது போதும். மனிதர் உட்கார்ந்தால் தோளும் முழங்கையும் கூடவே வருமே! அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள், கமோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமும், முன்னால் 21 அங்குலமும் விடச் சொல்கின்றன. இரு பக்கமும் சேர்த்தால் பொருளின் அகலத்தைப்போல் இரு மடங்கு! 2016-ஆம் ஆண்டின் நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளிப்பதும் கழிப்பதும் ஒன்றாக உள்ள அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் கேட்கிறது. ஏறத்தாழ 30 சதுர அடி. நாலுக்கு ஏழு 28தான். அதிலும் அது வெறும் செங்கல் கணக்கு. பூச்சும் டைல்ஸும் ஏறினால் சுவருக்கு ஓர் அங்குலமாவது பறிபோகும். நோட்டிலிருந்த நாலடி, மேஸ்திரி கைகழுவும்போது மூன்றடி பத்து அங்குலம். இதைவிடக் கூத்து கழிவுக் குழாயில். எஸ்-ட்ராப் கமோடுகள் பின்சுவரிலிருந்து குழாயின் மையம்வரை 4, 9, 12 அங்குலம் என்று வெவ்வேறு அளவில் வரும். தள்ளுபடி என்று 12-ஐ வாங்கி வருவார்; தரையில் குழாய் 9-ல் நிற்கும். பிளம்பர் கமோடை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், சுவத்தத்தான் தள்ளி வைக்கணும்" என்பார்.

ஆசாமியிடம் பதில் இல்லாமலில்லை. "சுவரில் மாட்டுகிற கமோடு போட்டால் இடம் மிச்சம்" என்பார். தரையைத் துடைக்கச் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் அதன் தொட்டியும் இரும்புச் சட்டமும் ஒளிந்துகொள்ள ஒரு பொய்ச்சுவர் எழுப்ப வேண்டும். முன்னால் பிடித்த மிச்சத்தில் பெரும்பங்கு பின்னால் போய்விடும். "பாத்ரூம் என்ன குடியிருக்கிற இடமா, பத்து நிமிஷ வேலைதானே?" என்பது அடுத்த அம்பு. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மனிதர் குனிகிறார், ஒற்றைக்காலில் நிற்கிறார், கண்ணில் சோப்போடு மக்கைத் தேடுகிறார். ஹால் சோபாவில் யாரும் இத்தனை வித்தை காட்டுவதில்லை. வெளியே இடம் மிச்சம் என்று கதவை உள்பக்கம் திறக்க வைத்துவிட்டாலோ, வயதானவர் வழுக்கிக் கதவோரம் விழுந்தால் வெளியிலிருந்து தள்ளவும் வழியில்லை. "ஒரு வாளித் தண்ணீரில் கிணற்றடியில் குளித்த ஜனம்தானே நாம்" என்பது கடைசி வாதம். கிணற்றடிக்கு நாலு சுவர் இல்லை என்பது இருக்கட்டும். ஷவர் இருந்தும், லாரித் தண்ணீர் காலத்தில் இன்றும் நாம் குளிப்பது அந்த வாளியில்தான். நோட்டைப் புரட்டிப் பாருங்கள், வாளிக்கு மட்டும் கட்டம் இராது.

ஆகவே டைல்ஸ் ஒட்டுமுன் தரையில் சாக்பீஸால் எல்லாவற்றையும் வரைந்து, நிஜ வாளியையும் முக்காலியையும் வைத்துப் பார்ப்பதே வழி. சோதனைக்கு ஆசாமியை அனுப்பக் கூடாது. திட்டம் ஜெயிக்க வயிற்றை எக்கிக்கொள்வார். வீட்டிலேயே பருத்த உடம்பும் முட்டிவலியும் ஒளிவுமறைவில்லாத வாயும் உள்ளவரை அனுப்ப வேண்டும். மாமியார் கிடைத்தால் உத்தமம். அவர் உட்கார்ந்து எழுந்து, வாளியோடு ஒரு சுற்றுத் திரும்பி, "வாஷிங் மெஷினை பால்கனியில போட்டுக்குங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் இஞ்ச் டேப்புக்கு அங்கே வேலையில்லை.