எச்சில் துப்பக் கற்றுக்கொண்ட பிரபுக்கள்

கர்ணனுக்குத் தேரோட்ட வேண்டும் என்று துரியோதனன் கேட்டதும் மத்ர தேசத்து ராஜா சல்லியனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. முடிசூடிய நான், தேர்ப்பாகன் வளர்த்த பிள்ளைக்குத் தேரோட்டுவதா என்று குதித்தான். கடைசியில், 'என் வாய்க்கு வந்ததைப் பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று நிபந்தனை போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் போர்க்களம் முழுக்கக் கர்ணனைத் திட்டித் தீர்த்தான். நியாயமான ரோஷம்தான். ஆனால் 1800களின் தொடக்கத்தில் அவன் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் நிலைமை வேறு. கோச்சு வண்டிக்காரன் கையில் காசைத் திணித்து, "அண்ணே, அடுத்த ஊர் வரைக்கும் நான் ஓட்டட்டுமா?" என்று குழைந்த கனவான்களில் அவனும் ஒருத்தனாக இருந்திருப்பான்.

இந்தப் பைத்தியத்துக்கு விதை போட்டவர் ஒரு நாடகக் கொட்டகை முதலாளி. ஜான் பாமர் என்று பெயர். பாத், பிரிஸ்டல் இரண்டு ஊரிலும் அவருக்குக் கொட்டகை இருந்தது. நடிகர்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வேகமான வண்டிகளில் ஏற்றி இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் விரட்டிக்கொண்டிருந்தார். ராஜா வேஷக்காரன் இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும்போது ராஜாங்கத் தபால் மட்டும் ஏன் நொண்டிக் குதிரையில் ஒரு பையனோடு ஊர்ந்து வருகிறது என்று அவருக்குக் கேள்வி. தபால் இலாகா, இலாகாக்கள் எந்த யுகத்திலும் சொல்லும் பதிலையே சொன்னது: நடக்காது. பிரதமர் பிட் நடத்திப் பார்க்கச் சொன்னார். 1784 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாலை 4 மணிக்குப் பிரிஸ்டலில் கிளம்பிய வண்டி மறுநாள் காலை 8 மணிக்கு லண்டனில் நின்றது. பதினாறே மணி நேரம். அதற்கு முன் கடிதம் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும்.

அதற்குப் பிறகு மெயில் கோச்சுக்கு வந்த மவுசைக் கேட்க வேண்டாம். பின்னால் சிவப்புக் கோட்டுப் போட்ட காவல்காரன். அவனிடம் வாய் அகன்ற துப்பாக்கி ஒன்று, கைத்துப்பாக்கி இரண்டு, நீளக் கொம்பு ஒன்று, பெட்டிக்குள் பூட்டிய கடிகாரம் ஒன்று. கொம்பு சத்தம் கேட்டதும் சுங்கச்சாவடிக்காரன் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தூங்கிவிட்டால் 40 ஷில்லிங் அபராதம். சுங்கமும் கிடையாது. அன்றைக்கு ஊருக்கு ஊர் மணி வேறு என்பதால், அந்தக் கடிகாரத்தையே போகிற திசைக்குத் தகுந்தபடி கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓட வைத்து அனுப்பினார்கள். பத்து மைலுக்கு ஒரு தரம் குதிரை மாற்றுவார்கள். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால், சத்திரக்காரன் சூப்பைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பான். அது ஆறுவதற்குள் கொம்பு ஊதிவிடும். காசு முன்னமே வாங்கியாயிற்று.

காவல்காரன்தான் சர்க்கார் ஆள். வண்டிக்காரன் குத்தகைக்காரனிடம் கூலி வாங்குகிறவன். ஆனாலும் வண்டியின் உச்சி ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டால் ராஜா அவன்தான். அடுக்கடுக்காகத் தோள்துணி தொங்கும் கோட்டு, அகன்ற தொப்பி, பொத்தான் துளையில் பூ, ஒவ்வொரு சத்திரத்திலும் உள்ளே போன பிராந்தியால் சிவந்த மூக்கு. லாயக்காரர்கள் நடுங்குவார்கள். அவன் பக்கத்தில் உட்கார்வதற்கே தனியாகக் கவனிக்க வேண்டும். பயணிகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு வைத்தால்தான் அவன் முகம் கொடுத்துப் பேசுவான். நடுவழியில் ஏறுகிறவர்களின் கட்டணம் கணக்கில் ஏறாமல் அவன் பைக்குள் போகும். நம் ஊர்க் கண்டக்டர்கள் யாரும் அவனிடம் பாடம் கேட்டதாகத் தகவல் இல்லை.

இவனைப் பார்த்து ஏங்காத பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் லத்தீன் படிக்கப் போனவர்கள் லகான் பிடிக்கக் கற்றார்கள். நியாயமாகச் சொன்னால் லத்தீனைவிட இது கஷ்டம். நான்கு குதிரை, நான்கு வார், எல்லாம் இடது கையில். இடப்பக்கத்து முன்குதிரையின் வார் ஆள்காட்டி விரலுக்கு மேலே. வலப்பக்கத்து முன்குதிரையுடையது ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே. அதே இடுக்கில், அதற்குக் கீழே, இடப்பக்கத்துப் பின்குதிரையின் வார். கடைசி வார் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே. ஒரே இடுக்கில் இருக்கும் இரண்டையும் தப்பித்தவறிச் சேர்த்து இழுத்துவிட்டால் முன்ஜோடி வலப்பக்கமும் பின்ஜோடி இடப்பக்கமும் போக நினைக்கும். நடுவில் உட்கார்ந்திருக்கும் கனவான் நேராகப் பள்ளத்துக்குப் போவார்.

இறக்கத்தில்தான் அசல் பரீட்சை. வண்டியைப் பின்னால் தாங்கிப் பிடிப்பது பின்ஜோடி மட்டுமே. முன்ஜோடி இழுக்கவே கூடாது. சும்மா அலங்காரத்துக்கு நடக்க வேண்டும். சக்கரத்தின் கீழே இரும்புச் செருப்பு ஒன்றைச் செருகித் தேய்த்துக்கொண்டே இறக்குவார்கள். கணக்குத் தவறினால் அதுவரை குதிரை வண்டியை இழுத்தது போக, வண்டி குதிரையைத் துரத்த ஆரம்பிக்கும். வலது கைக்குச் சாட்டை. பின்குதிரையின் காதில் படாமல் முன்குதிரையின் தோளைத் தொட்டுவிட்டு, நுனியைச் சுழற்றிக் கம்பிலேயே சுற்றிக்கொள்ள வேண்டும். தொட்டதற்கெல்லாம் விளாசுகிறவனைத் தொழில்காரர்கள் மதிக்க மாட்டார்கள். வீட்டில் கயிறும் கப்பியும் எடைக்கல்லும் கட்டி விரலைப் பழக்கிய சீமான்கள் உண்டு.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு திருப்தி வந்ததா? இல்லை. கேம்பிரிட்ஜ் டெலிகிராஃப் என்ற வண்டியை ஓட்டியவன் டிக் வாகன். 'நரகத்தீ டிக்' என்பது அவன் பட்டப்பெயர். பற்களின் இடுக்கு வழியாகக் குறிபார்த்து எச்சில் துப்புவதில் மன்னன். அதைக் கற்றுக்கொள்ள ஏக்கர்ஸ் என்ற இளைஞர் ஐம்பது கினி தட்சிணை வைத்தாராம். போதாததற்குத் தன் முன்பற்களையும் அராவிக்கொண்டாராம். அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு இது. ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்த காரியத்துக்காவது ஒரு கௌரவம் இருந்தது.

சர் ஜான் லேட் இன்னும் மேலே போனவர். உடுப்பு, நடை, பேச்சு எல்லாம் வண்டிக்காரனுடையவை. தெருவில் கிடந்த ஆறு பென்னி நாணயத்தின் மேல் வண்டியின் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் ஏற்றிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டி ஜெயித்தவர். மனைவி லெட்டியும் சளைத்தவர் இல்லை. யாராவது கெட்டவார்த்தையில் எல்லை மீறினால் 'லெட்டி லேட் மாதிரி' என்பாராம் வேல்ஸ் இளவரசர். வந்த சொத்தெல்லாம் குதிரைக்கும் சூதுக்கும் போய், சர் ஜான் கடனாளிச் சிறையையும் பார்த்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட கனவான்கள் சேர்ந்து 1808இல் நான்கு குதிரைச் சங்கம் கண்டார்கள். மஞ்சள் வண்டி, வெள்ளிப் பூட்டுப் போட்ட சேணம், ஒரே நிறக் குதிரைகள். லண்டனிலிருந்து சால்ட் ஹில்லுக்கு இருபது மைல் சொச்சம் ஊர்வலம். யாரும் யாரையும் முந்தக் கூடாது; குதிரை பாயக் கூடாது. வழியில் டர்ன்ஹம் கிரீனில் ஒரு சிற்றுண்டி, ஹவுன்ஸ்லோவில் ஒரு தாகசாந்தி. புயலாகப் பறக்கக் கற்றவர்கள் கல்யாண ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொழில்காரர்களுக்கு வந்த சோதனை வேறு மாதிரி. 1816 அக்டோபர் 20ஆம் தேதி இரவு, எக்ஸிடர் மெயில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் வின்டர்ஸ்லோ சத்திரத்தை நெருங்கும்போது முன்குதிரை ஒன்றின் மேல் ஏதோ பாய்ந்தது. சிங்கம். பெண் சிங்கம். ஊர் ஊராகப் போகும் மிருகக்காட்சியிலிருந்து தப்பி வந்தது. பயணிகள் சத்திரத்துக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டார்கள். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்க, மிருகங்களின் சொந்தக்காரர் ஓடிவந்து, சுடாதே, விலை உயர்ந்த ஜந்து என்று கெஞ்சினார். நாயை ஏவி, சிங்கத்தைத் தானியக் களஞ்சியத்தின் அடியில் மடக்கிப் பிடித்தார்கள். முக்கால் மணி நேரத் தாமதத்தோடு தபால் கிளம்பிவிட்டது. பிழைத்துக்கொண்ட குதிரையை மிருகக்காட்சிக்காரரே வாங்கி, சாலிஸ்பரிச் சந்தையில் சிங்கத்தோடு சேர்த்தே காசுக்குக் காட்டினார். வியாபாரி என்றால் அவர் வியாபாரி.

கடைசியில் ஒரு பிரபுவுக்கு ஆசை முழுதாக நிறைவேறியது. மேடிங்லி மாளிகைக்குச் சொந்தக்காரர் சர் செயின்ட் வின்சென்ட் காட்டன். சூதில் ஆஸ்தியைக் கரைத்துவிட்டு, பிரைட்டனுக்குப் போகும் 'ஏஜ்' கோச்சில் ஏறி உட்கார்ந்தார். இந்த முறை விளையாட்டில்லை, பிழைப்பு. பயணம் முடிந்ததும் தொப்பியைத் தொட்டுப் பயணிகளிடம் காசு வாங்கிக்கொண்டார். கொஞ்சமும் கூசவில்லை. ஒரு பாரனெட்டுக்கு இரண்டரை ஷில்லிங் தர்மம் பண்ணிய சந்தோஷத்தோடு கடைக்காரர்கள் இறங்கிப் போனார்கள்.

1841இல் பிரைட்டனுக்கு ரயில் வந்தது. கோச்சுகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் போயின. ஆனால் ஓட்டும் ஆசை மட்டும் போகவில்லை. 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தத்தில் ரயில்காரர்கள் இறங்கிவிட, என்ஜின் ஓட்டுகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் கல்லூரி மாணவர்களும் சீமான்களும் நிறையப் பேர். கரி அள்ளவும் ஓட்டவும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆனந்தமாக வந்தார்கள். என்ஜின் டிரைவருக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பது மட்டும் அவர்களுக்குக் குறையாக இருந்திருக்கலாம்.