ஒற்றைக்கால் தவம்

1847-ல் நைட்ரோகிளிசரின் என்னும் வெடிக்கும் திரவத்தைத் தயாரித்த இத்தாலியர் அஸ்கானியோ சொப்ரேரோ, அக்கால வேதியியலாளர்களின் வழக்கப்படி அதை நாக்கில் துளி வைத்துப் பார்த்தார். மண்டையைப் பிளக்கும் தலைவலி. இது ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆல்ஃபிரட் நோபல் ஒதுங்குகிற ரகம் இல்லை. 1864-ல் ஸ்டாக்ஹோமில் அவர் பட்டறை வெடித்து, தம்பி எமில் உட்பட ஐந்து பேர் செத்தார்கள். ஊருக்குள் இந்த வேலையே ஆகாது என்றார்கள் அதிகாரிகள். ஊருக்குள்தானே ஆகாது? ஏரியில் படகை நிறுத்தி அதில் காய்ச்சினார் மனிதர்.

பிறகு கிளாஸ்கோ முதலாளிகளின் பணத்தில், ஸ்காட்லாந்தின் ஆர்டீர் மணல்மேட்டில் பெரிய ஆலை. நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் கிளிசரினைச் சிறுகச் சிறுக விட வேண்டும். விட விடச் சூடேறும். குளிர்நீர்க் குழாய்கள் அந்தச் சூட்டை இழுக்காவிட்டால் தொட்டியோடு ஆலையும் போகும். தொட்டியை ஒவ்வொரு பக்கமும் இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்கு, சூட்டை வெளியே விடும் பரப்பு 4 மடங்குதான். முதலாளிகள் முதல் எண்ணோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கட்டுப்பாட்டுக் கருவி? ஒரு தெர்மாமீட்டர், அதை முறைத்துப் பார்க்க ஓர் ஆள், அவர் உட்கார ஒற்றைக்கால் ஸ்டூல். கண்ணசந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்வாராம். ஒரு டன் வெடிமருந்துக்குப் பக்கத்தில் முனிவர் போலத் தவம். வரம் கேட்காத தவம், வாரக்கூலிக்கு. சூடு மீறினால் மொத்தத்தையும் தண்ணீர்த் தொட்டியில் திறந்துவிட்டு ஓட வேண்டியது.

இன்னும் விழிப்பான ஆளைத் தேடுவதே முன்னேற்றம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1950-களில் ஸ்வீடன்காரர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: அவ்வளவு சரக்கு ஏன் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும்? அவர்களுடைய இன்ஜெக்டரில் அமிலம் பாய்கிற வேகமே கிளிசரினை உறிஞ்சும். அமில ஓட்டம் குறைந்தால் உறிஞ்சலும் குறையும், நின்றால் நிற்கும். யாரும் ஓடிப்போய் வால்வைத் தேட வேண்டாம். இரண்டு மணி நேரம் எடுத்த வினை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. உள்ளே இருந்த ஒரு டன், ஏறக்குறைய ஒரு கிலோ ஆனது. பிரிட்டிஷ் வேதியியல் நிறுவனமான ஐ.சி.ஐ.யின் பாதுகாப்பு நிபுணர் டிரெவர் கிளெட்ஸ் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே இன்ஜினியர்களைத் திருத்தப் பார்த்தார்.

சரக்கு தேங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் இன்றைய தொடரோட்ட ஆலைகள் சிலவற்றில் உற்பத்தி கூட வேண்டுமா, குழாயைப் பெரிதாக்காமல் பக்கத்தில் அதேபோல இன்னொன்றை நிறுத்துகிறார்கள். அங்கும் குடைச்சல் உண்டு: திரவம் எல்லாக் குழாய்களுக்கும் சமமாகப் பிரியாது. ஒன்று அடைத்தால் மற்றவற்றில் ஓட்டம் கூடும். ஆகவே குழாய்க்கொரு வால்வு, குழாய்க்கொரு சென்சார், மேலே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி. தாராளமாகக் கண்ணசரலாம்.