பால்குடியும் பிளாக் தண்டரும்

ஏனுங்க மாப்பள, வர்ற ஞாயித்துக்கெழம மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போறீங்களாமா? அம்மிணி சொல்லுச்சு. பெரியவனுக்கு ரெண்டரை வயசு, சின்னதுக்கு அஞ்சு மாசம். “கொழந்தைங்களுக்காகத்தான் அப்புச்சி”ன்னு வேற சொல்லுது. ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஒரு ஞாயிறு பனியன் கம்பெனிக்காரருக்கு வாய்க்கறதே பெருசு, நல்லாப் போயிட்டு வாங்க. ஆனா புள்ளைக தலைல பழியப் போடாதீங்க. சறுக்குல வழுக்கோணும்னு எனக்குத்தான் ஆசைன்னு நேராச் சொன்னா, பெட்ரோலுக்கு நானே தாறேன்.

அஞ்சு மாசத்து உருப்படிக்கு அலைக்கொளமும் ஒண்ணுதான், தூரியும் ஒண்ணுதான். மூணு வயசுக்கு முந்தி நடந்தது எதுவும் பெருசானப்பறம் பெரும்பாலும் ஞாபகத்துல நிக்கறதில்லைன்னு படிச்சவுங்க சொல்றாங்க. நிக்கறது உங்க போன்ல இருக்கற போட்டோ மட்டுந்தான். அதுலயும் பொடுசு அழுதுட்டிருக்கும், நீங்க சிரிச்சுட்டிருப்பீங்க.

இந்த மாதிரி எடத்துல வயசக் கேக்கறத விட ஒசரத்தத்தான் அளக்கறாங்க. வொண்டர்லா பார்க்குல 85 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா டிக்கெட்டே கெடையாது. அட, சும்மா உடறானேன்னு குளுந்து போயிராதீங்க. பெரிய ராட்டினம் எதுலயும் ஏத்தமாட்டான்னு அர்த்தம். நம்ம பெரியவன் அளவுகோலுக்கு முன்னால நின்னு எக்கிப் பாப்பான், ஏத்தலைன்னதும் மண்ணுல உருளுவான். அந்தக் காட்சிக்குத் தனியா டிக்கெட் இல்லீங்க.

துணிமணி விசயத்துல எனக்கு வவுத்தெரிச்சலே இருக்குது. ஐரோப்பாக்காரன் புள்ளைக்குத் தைக்கற ஊரு நம்ம திருப்பூரு. இன்டர்லாக் துணில ராம்பர் தைச்சு, ஊசி மொனை எங்கியாச்சும் ஒடிஞ்சு கெடக்குதான்னு மெசின்ல உட்டு, பட்டன் பிச்சு வருதான்னு இழுத்துப் பாத்துக் கப்பலேத்தறோம். நம்ம புள்ளைக்கு மட்டும் ஜிகினா வெச்ச நைலான் கவுனு! கழுத்துல வேர்க்குரு செவந்து கெடக்குது. காதர்பேட்டைல செகண்ட்ஸ்ல நாலு உருப்படி எடுத்துப் பையில போடுங்க. கூத்தக் கேளுங்க, நைலான் வேணுங்கற எடம் கொளம் ஒண்ணுதான். பருத்தித் துணியோட தண்ணில எறங்கக் கூடாதுன்னு பல பார்க்குல சொல்லிப்போடறாங்க. திருப்பூர்க்காரன் வாசல்ல நின்னு நைலானை வாடகைக்கு எடுக்கறான்! தண்ணிய உட்டு ஏறுனதும் தொவட்டி, பருத்தியப் போட்டு உடுங்க. சிறுசுகளுக்கு ஒடம்பு வெரசா சில்லுன்னு ஆயிரும்.

நாங்கெல்லாம் நொய்யல் ஆத்துல காசில்லாமக் குதிச்சவங்க. அப்பறம் சாயப்பட்டறை வந்து, ஆத்துத் தண்ணி நாளுக்கொரு கலர்ல ஓடுச்சு. 2011ல ஹைகோர்ட்டு, பட்டறைகள மூடுன்னு உத்தரவு போடற வரைக்கும் போச்சு. இப்ப நீலத் தண்ணியத் தேடி அறுவது கிலோமீட்டர் போறோம். கிட்டப் போயிப் பாருங்க, அந்த நீலமும் முக்காவாசி தொட்டியோட கலருதான்.

போற வழில அவிநாசில வண்டிய நிறுத்துங்க. அங்க ஒரு காலத்துல, கொளத்துல குளிக்கப் போன பாலகனை முதலை முழுங்கீருச்சு. வருசங் கழிச்சு அந்தப் பக்கம் வந்த சுந்தரர், ஒரு ஊட்டுல கூடப் போன பையனுக்குப் பூணூல் கல்யாணம், எதுத்த ஊட்டுல அழுகைன்னு கண்டு, பதிகம் பாடி முழுங்குன புள்ளைய மீட்டுக் குடுத்தாருன்னு சொல்லுவாங்க. அவருக்குப் பாட வந்துச்சு. உங்களுக்கு ரீல்ஸ் எடுக்கத்தான வருது? சினிமால காட்டறாப்புல கத்திக் கையாட்டீட்டெல்லாம் பொடுசு முழுகாது. சத்தமே வராது, கெண்டைக்காலளவு தண்ணி போதும். அதனால கையெட்டற தூரத்துல ஒரு ஆளு, போனு பையில. லைப் கார்டு இருக்கறான்னு அசந்து நிக்காதீங்க. அவனுக்கு நூறு தலை, உங்களுக்கு ஒண்ணு. வவுத்தால போற புள்ளையத் தண்ணிப் பக்கமே கொண்டு போகாதீங்க. அதுல வர்ற கிருமி சிலது குளோரினுக்கும் லேசுல சாகாது, அடுத்தவன் புள்ள குடிச்சு வெக்கும்.

சின்னதத் தண்ணில எறக்கற பேச்சே வேண்டாம். வெயிலா இருக்குதேன்னு யாராச்சும் சங்குல தண்ணி கொண்டாந்தா, நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால்லயே தண்ணியும் இருக்குது, வெயில் காலத்துல இன்னும் ரெண்டு தடவ எச்சாக் குடுத்தாச் சரி. பதனொண்ணுல இருந்து மூணு மணி வரைக்கும் நெழலு. கதவு தெறக்கறப்பவே உள்ள போயி, பெரியவன் தூங்கற நேரத்துக்கு வெளிய வந்துருங்க. குடுத்த காசுக்கு அந்தி வரைக்கும் இருக்கோணும்னு கணக்குப் போட்டீங்கன்னா, அன்னூர் வரைக்கும் காருக்குள்ள ஒப்பாரிதான்.

அமெரிக்காவுல 1955ல தெறந்த டிஸ்னிலேண்டுல இப்ப ஒரு ஏற்பாடு உண்டு. ஆத்தாளும் அப்பனும் ஏறோணும்னா, ஒருத்தர் புள்ளைய வெச்சுட்டு நிக்கறது, மத்தவரு ஏறி எறங்குனதும் இவரு மறுக்கா முழு வரிசை நிக்காமப் போயி ஏறிக்கறது. நம்மூருல அந்த ஏற்பாடு சேலை கட்டீட்டு, கட்டுச்சோத்துத் தூக்கோட பின்சீட்டுல வருது. உங்கம்மாளத்தானுங்க சொல்றேன். டிக்கெட்டும் எடுத்து, மடில புள்ளையும் தோள்ல பையுமா வேப்பமரத்தடில உக்கார வெச்சுட்டு, நீங்க ரெண்டு பேரும் ஈரத் தலையோட வந்து “என்னம்மா, ஜாலியா இருந்துச்சா?”ன்னு கேப்பீங்க.

கம்பெனில ஷிப்டு போடத் தெரிஞ்ச ஆளுதான நீங்க? இங்கயும் போடுங்க. மொத ஷிப்டு அம்மிணியும் உங்கம்மாளும். சம்பந்தியம்மாளுக்கும் ஒரு செட்டு நைலான் வாடகைக்கு எடுத்துக் குடுத்து, அந்த ஒசந்த சறுக்குக்கு அனுப்பி உடுங்க. நீங்க மரத்தடில ரெண்டையும் வெச்சுட்டு உக்காந்திருங்க மாப்பள. ஞாயித்துக்கெழம வரிசை நெட்டுக்கு இருக்குங்க, ஒண்ணும் அவசரமில்லை.